வருகை ஆய்வாளரும் இடம் கொடுத்த நிறுவனமும்: இரு தரப்பு அனுபவங்கள்

ஆய்வாளர் தரப்பிலிருந்து:

வருகை ஆய்வாளராக நான் போய்ச் சில காலம் வேலை செய்த நிறுவனம் பள்ளி மாணவர்களுக்கான கணிதப் பயிற்சிச் செயலி ஒன்றை நடத்துகிறது. கணக்குக்குத் துப்பு கொடுக்கும் ஹிண்ட் பொத்தானை மாணவர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதுதான் என் கேள்வி. யோசிக்காமல் ஹிண்ட்டை மேலும் மேலும் அழுத்தி விடையை வாங்கிவிடும் பழக்கம் கல்விச் செயலிகளை ஆராயும் துறையில் பலகாலமாகப் பேசப்படுவது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ரயன் பேக்கரும் அவருடன் இருந்தவர்களும் 2004இலேயே இதைப் பற்றி எழுதினார்கள்.

தரவு கைக்கு வந்து வரைபடம் போட்டதும், ஒரு குறிப்பிட்ட வாரத்திலிருந்து ஹிண்ட் எண்ணிக்கை செங்குத்தாக ஏறியிருந்தது. உதவிப் பிரிவில் ஆசிரியர்களின் அழைப்புகளை எடுக்கும் ஒருவரிடம் அதைக் காட்டினேன். பார்த்த உடனே சொல்லிவிட்டார்: "அது புதுப் பதிப்பு வந்த வாரம். இரண்டு தடவை தப்பாகப் போட்டால் ஹிண்ட் தானாகத் திறக்கிற மாதிரி மாற்றினோம். பசங்க அழுத்தினது இல்லை அது." மாணவர் திறந்ததும் செயலி திறந்ததும் சர்வரில் ஒரே பெயரில் பதிவாகியிருந்தன. இந்த மாற்றம் எனக்குக் கிடைத்த எந்த ஆவணத்திலும் இல்லை. அவருக்கு மட்டும் நினைவிருந்தது, ஏனென்றால் அந்த வாரம் முழுக்கத் தொலைபேசியில் திட்டு வாங்கியவர் அவர்தான்.

அதனால் இப்படி ஆய்வுக்குப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: பகுப்பாய்வைத் தொடங்கும் முன் ஒவ்வொரு பதிவுக்கும் விளக்கப் பட்டியல் ஒன்றைத் தயார் செய்யுங்கள். அதைத் தனியாக உட்கார்ந்து எழுதாதீர்கள். நிரலாளர், பாடம் எழுதுபவர், உதவிப் பிரிவு மூவரும் பக்கத்தில் இருக்கட்டும். இந்தப் பதிவை உண்டாக்கியது மாணவரா, செயலியா? எந்தப் பதிப்பிலிருந்து இருக்கிறது? இணையம் இல்லாதபோது செய்த வேலை எந்த நேரத்தைக் காட்டும், செய்த நேரத்தையா, சர்வருக்கு வந்து சேர்ந்த நேரத்தையா? பாடங்களை இணையத்தில் நடத்தப் பல கல்வி நிலையங்கள் பயன்படுத்தும் மூடுல் போன்ற பொதுத்தளத்திலும் இந்தச் சிக்கல் உண்டு. பக்கம் திறந்த நேரம் பதிவாகும், மாணவர் எழுந்து போன நேரம் பதிவாகாது. அடுத்த கிளிக் வரை உள்ள இடைவெளியைப் "படித்த நேரம்" என்று கணக்கிட்டால் சாப்பிடப் போன நேரமும் படிப்பாகிவிடும்.

அப்புறம், வெளியீட்டு உரிமை. எனக்குத் தெரிந்த ஒருவர் வேறொரு நிறுவனத்தில் நல்ல ஆய்வு செய்தார். புதிய வசதியால் கற்றலில் மாற்றம் இல்லை என்று முடிவு வந்தது. விற்பனைப் பிரிவு வேண்டாம் என்றது. ஒப்பந்தத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லாததால் கட்டுரை அப்படியே கிடக்கிறது. இது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது, ஏனென்றால் அந்த முடிவு தெரியாமலே பள்ளிகள் அதே வசதியை வாங்கிக்கொண்டிருக்கின்றன. முடிவு எதுவானாலும் வெளியிடலாம், நிறுவனம் குறிப்பிட்ட நாட்களுக்குள் படித்து ரகசியத் தகவலையும் தகவல் பிழையையும் மட்டும் சுட்டலாம் என்று முதல் நாளே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

மாணவர் தரவைப் பற்றி ஒரே ஒரு விஷயம். பெயரை எடுத்துவிட்டு எண்ணைப் போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். 2018இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் விதிப்படி, அந்த எண்ணைத் திரும்பப் பெயரோடு சேர்க்க வழி இருக்கும்வரை அது தனிநபர் தரவுதான். பெற்றோரின் நம்பிக்கை போனால் என்ன ஆகும் என்பதற்கு பள்ளி மாணவர் தரவை ஓரிடத்தில் சேர்த்துவைத்த அமெரிக்காவின் இன்புளூம் அமைப்பு சாட்சி. பெரும் நிதியோடு தொடங்கியும், மாணவர் தரவு குறித்த எதிர்ப்பால் 2014இல் மூடப்படுவதாக அறிவிக்கப்பட்டது.

நிறுவனத் தரப்பிலிருந்து:

மேலே எழுதியவர் சொன்ன விளக்கப் பட்டியலை எங்களிடம் வந்த வேறோர் ஆய்வாளரும் செய்தார். அவர் போன பிறகும் புதிதாகச் சேர்பவர்களுக்கு அதைத்தான் கொடுக்கிறோம்.

எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது வேறு. இரண்டு வடிவங்களை ஒப்பிட, ஒரே வகுப்பில் பாதிப் பேருக்கு ஒரு திரை, மீதிப் பேருக்கு வேறு திரை என்று அவர் திட்டம் போட்டிருந்தார். புள்ளியியல்படி அது சரி. ஆனால் கரும்பலகை முன் நிற்கும் ஆசிரியர் "அந்தப் பச்சைப் பொத்தானை அழுத்துங்கள்" என்று சொன்னால் பாதிப் பேருக்கு அந்தப் பொத்தானே இருக்காது. பேசிப் பேசி, ஒரு வகுப்பில் எல்லோருக்கும் ஒரே திரையைக் கொடுப்பது என்று முடிவாயிற்று. அப்படிச் செய்தால் மாணவர் எத்தனை பேர் என்பதைவிட வகுப்புகள் எத்தனை என்பதே முக்கியமாகிவிடும், அதிக வகுப்புகள் வேண்டும் என்றார் ஆய்வாளர். கூடுதல் பள்ளிகளைச் சேர்த்துத் தரும் வேலையை நாங்கள் எடுத்துக்கொண்டோம், அதற்காக ஆய்வு ஒரு பருவம் தள்ளிப்போனது.

ஆய்வாளரை அழைக்கும் நிறுவனங்களுக்கு ஒரு வேண்டுகோள். அவருடைய கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஒருவரை நியமித்து, வாரத்தில் சில மணி நேரத்தை அதற்கென்றே அப்படி நியமித்தவருடைய வேலைத் திட்டத்தில் எழுதிவையுங்கள். "யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்" என்று விட்டால் யாரும் பதில் சொல்வதில்லை.