கார்டில் 89, கையில் எத்தனை?

பெர்ஜுந்தை பந்து
போன சனிக்கிழமை பெஸ்தாரி ஜெயாவில், அதாவது பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் நம் ஊரில், தோட்டத்து மண்டபத்தில் எஃப்சி 24 என்ற கால்பந்து வீடியோ விளையாட்டில் போட்டி வைத்தோம். 16 பேர், இரண்டு டிவி, இரண்டு விளையாட்டுப் பெட்டி, ஒரு கைப்பேசி ஹாட்ஸ்பாட், தலைக்கு 10 மலேசிய வெள்ளி (ரிங்கிட்). அவரவர் கணக்கில் நுழைந்து அவரவர் அல்டிமேட் டீமோடு, அதாவது வீரர்களின் கார்டுகளைச் சேர்த்துக் கட்டிய சொந்த அணியோடு, ஆட வேண்டும் என்பது விதி. அரையிறுதியில் 'தங்கக் கார்டு' அண்ணனின் 89 ரேட்டிங் அணி, படிவம் நான்கு படிக்கும் ஒரு தம்பியின் 78 அணியிடம் 3-1 என்று தோற்றது. அன்று ராத்திரி முதல் வாட்ஸ்அப் குழுவில் தூங்க முடியவில்லை. அதனால் இங்கே கேட்கிறேன்: தீபாவளிக்கு முன்னால் வைக்கப்போகும் அடுத்த போட்டியில் சொந்த அணியா, இல்லை இருவரும் ஒரே கிளப்பை எடுத்து ஆடுவதா?

தங்கக் கார்டு
சொந்த அணிதான். இதில் பேச என்ன இருக்கிறது? ரேட்டிங் என்பது கார்டில் ஒட்டிய அலங்காரம் இல்லை. பாஸ் எவ்வளவு நேராகப் போகும், 80 நிமிடத்துக்குப் பிறகு கால் ஓடுமா, அரை அடி இடத்தில் திரும்ப முடியுமா, எல்லாம் அந்த எண்களைப் பார்த்துத்தான் ஆட்டம் முடிவு செய்கிறது. நட்சத்திர ஆட்டக்காரர்கள் எம்பாப்பே, ஹாலண்ட், பூட்டெயாஸ் மூவரும் இதில் 91. அவர்களைச் சேர்க்க ஒரு வருஷம் ஷிப்ட் முடிந்து வந்து உட்கார்ந்திருக்கிறேன். நான் டிவிஷன் 2, ஆன்லைனில் ஜெயித்து ஏறும் மேல்படிகளில் ஒன்று. அந்தத் தம்பி எந்த டிவிஷன் என்று அவனுக்கே தெரியாது. தோற்றதற்குக் காரணம் ஹாட்ஸ்பாட் திக்கியது. அப்புறம் மண்டபத்தில் ஒரு கன்ட்ரோலர் இருக்கிறதே, இடது குச்சியின் தொப்பி கழன்று சைக்கிள் டியூப் சுற்றி வைத்திருப்பது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

லயத்து ஒன்பது
அண்ணே, நான் உங்கள் நாற்காலிக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். முதல் கோலை ஹாட்ஸ்பாட் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது? தம்பி பந்தை வைத்துக்கொண்டு சும்மா நின்றான். நீங்கள் பொறுக்காமல் சென்டர்-பேக்கை (நடுத் தடுப்பாளரை) இழுத்துக்கொண்டு அவன் மேல் பாய்ந்தீர்கள். பின்னால் ஒரு லாரி திரும்புகிற அளவுக்கு இடம். அவன் ஒரே ஒரு பாஸ் கொடுத்தான், கதை முடிந்தது. உங்கள் ஆள் பந்தை வைத்திருந்தபோது அவன் என்ன செய்தான் தெரியுமா? எல்2 பொத்தானைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கிக்கொண்டே இருந்தான், பாயவே இல்லை. இதற்கு எந்தக் கார்டிலும் எண் கிடையாது.

இன்னொன்று. கார்டின் மொத்த எண் அந்த வீரர் நிற்கும் இடத்தைப் பொறுத்துக் கூட்டப்படுவது. சென்டர்-பேக்கின் மொத்த எண்ணில் வேகத்தின் பங்கு மிகச் சின்னது. ஆட்டத்தில் அந்த வேகம்தான் உயிர். இதே ஆட்டத்தின் பழைய பதிப்பான ஃபிஃபா 21-இல் அடாமா டிராவோரே நினைவிருக்கிறதா? வேகம் 96, மொத்த எண் 80-க்கும் கீழே. ஆனால் அவரை அணியில் வைக்காதவன் யார்? எண்ணுக்கும் ஆட்டத்துக்கும் நடுவில் உள்ள அந்த இடைவெளியைக் கண்டுபிடிப்பதுதான் திறமை. தம்பியின் 78 அணி அப்படிப் பொறுக்கி எடுத்தது.

தங்கக் கார்டு
பொறுக்கி எடுத்தது திறமை என்றால், நான் வருஷம் முழுக்கச் சந்தையில் வாங்கி விற்றுச் சேர்த்தது என்ன? அதுவும் திறமைதான் தம்பி. 'காசு கொட்டி பேக் (கார்டுப் பொட்டலம்) வாங்கினான்' என்று குழுவில் எழுதியவருக்கும் இங்கேயே பதில்: இந்த வருஷம் மொத்தமாகப் போட்டது 60 வெள்ளி.

தே ஓ
60 வெள்ளியா? அண்ணிக்கு இந்தத் தளம் தெரியாதுதானே 😂

எண் கிறுக்கன்
இருவரும் இரண்டு வேறு எண்களைப் பிடித்துக்கொண்டு ஒரே சண்டை போடுகிறீர்கள். 89 என்பது பந்து ஆடுகிற வீரரின் எண். ஆட்டத்தைத் தயாரிப்பவர்கள் போட்டது. டிவிஷன் 2 என்பது அண்ணனுடைய எண், ஜெயித்துத் தோற்றுச் சேர்த்தது.

இரண்டாவது வகைக்குத் தாத்தா சதுரங்கத்தில் இருக்கிறார். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த இயற்பியல் பேராசிரியர் அர்பாத் ஈலோ. அவருடைய முறையை உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970-இல் எடுத்துக்கொண்டது. உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் நாடுகள் தரவரிசையும் 2018 முதல் அதன் அடிப்படையில்தான் ஓடுகிறது. கணக்கு எளிது. உங்களுக்கும் எதிராளிக்கும் 200 புள்ளி வித்தியாசம் என்றால், 100 ஆட்டத்தில் நீங்கள் ஏறத்தாழ 76 புள்ளி எடுப்பீர்கள் என்று அது எதிர்பார்க்கிறது. 400 என்றால் 91. அதாவது பெரிய ஆளும் நான்கில் ஒன்றை விட்டுக்கொடுப்பது சாதாரணம். ஆக, ஒன்பது அண்ணே, ஒரு அரையிறுதியை வைத்துத் தம்பி பெரியவன் என்று சொல்ல முடியாது.

தங்கக் கார்டு அண்ணனுக்கும் ஒன்று. அந்த டிவிஷன் 2-ஐ எந்த அணியோடு எடுத்தீர்கள்? 89-ஓடு. அப்படியானால் அந்த எண்ணுக்குள் உங்கள் கையும் இருக்கிறது, எம்பாப்பேயின் காலும் இருக்கிறது. பால் வாளியில் தண்ணீர் கலந்த மாதிரி. இதில் உங்கள் பங்கு எவ்வளவு என்று அந்த எண்ணை மட்டும் பார்த்துச் சொல்லவே முடியாது. தம்பியோ தன் அண்ணனின் பெட்டியில் வார இறுதியில் மட்டும் ஆடுகிறவன். நாலு ஆட்டம் ஆடியவனுடைய எண்ணுக்கு நிலையே கிடையாது, எங்கும் போகலாம். இதற்காகவே 1995-இல் மார்க் கிளிக்மன் என்ற புள்ளியியலாளர், எண்ணோடு அதன் சந்தேக அளவையும் சேர்த்து எழுதும் கிளிக்கோ முறையைக் கொண்டுவந்தார்.

ரேம்ப் மாமா
பிள்ளைகளா, நான் விளையாட்டுப் பெட்டியைத் தொட்டதில்லை. ஆனால் 22 வருஷம் செம்பனை (பாமாயில்) ஆலை ரேம்பில் குலைக்கு கிரேடு போட்டவன். லாரி கொட்டுகிற குலையைப் பார்ப்போம். பழம் உதிர்ந்த குழி பத்தாவது இருந்தால் பழுத்தது. இல்லையென்றால் கீழே தள்ளிவிடுவோம். உள்ளே எண்ணெய் எவ்வளவு என்று எனக்குத் தெரியுமா? தெரியாது. அது ஆலைக்குள் போனால்தான் தெரியும். அதற்காக கிரேடு பொய் என்று சொல்லிவிட முடியுமா? ஒவ்வொரு குலையையும் தனித்தனியாகப் பிழிந்து பார்க்க யாராலும் முடியாது, அதனால்தான் கிரேடு.

நம் பூப்பந்து வீரர் லீ சோங் வெய்யைப் பாருங்கள். மொத்தம் 349 வாரம் உலக நம்பர் ஒன். 2008, 2012, 2016, மூன்று ஒலிம்பிக்கிலும் வெள்ளிதான். தங்கம் வரவில்லை என்பதற்காக அந்த 349 வாரத்தைப் பொய் என்று இந்த நாட்டில் எவனாவது சொல்லிவிட்டு ஒட்டுக்கடையில் உட்கார்ந்து தே குடிக்க முடியுமா? ஒரு நாள் ஆட்டம் வேறு, பல நாள் கணக்கு வேறு. நான் தங்கக் கார்டு பக்கம்.

லயத்து ஒன்பது
மாமா, சோங் வெய் கதை எனக்குத்தான் சாதகம். பூப்பந்து விதியில் ராக்கெட் 680 மில்லிமீட்டருக்கு மேல் நீளக் கூடாது. சீனப் போட்டியாளர் லின் டானுக்கும் அதுதான், இவருக்கும் அதுதான். அதனால்தான் 349 வாரம் என்றதும் கையெடுத்துக் கும்பிடுகிறோம். இவர் மட்டும் ஒரு மீட்டர் ராக்கெட்டோடு வந்து நம்பர் ஒன் ஆகியிருந்தால்? நம் மண்டபத்தில் ஒருவர் கையில் ஒரு மீட்டர், ஒருவர் கையில் ஈக்குமாறு.

தங்கக் கார்டு
அப்படியானால் ஃபார்முலா ஒன் விளையாட்டே இல்லையா? ஒவ்வொருவரும் வேறு வேறு காரில்தான் வருகிறார்கள். நல்ல காரைக் கட்டுவதும் போட்டியின் பாதி. நம் நாட்டு செப்பாங்கில் பந்தயம் நடந்த காலத்தில் கடன் வாங்கிப் பார்க்கப் போனவன் நீதானே, 'எல்லாரும் ஒரே காரில் ஓட்டட்டும்' என்று அங்கே கத்தினாயா?

லயத்து ஒன்பது
கத்தவில்லை, ஒப்புக்கொள்கிறேன். நல்ல அடி. ஆனால் ஃபார்முலா ஒன்காரர்களே பிறகு கத்தினார்களே! 2021-இல் ஒரு அணி வருஷத்துக்கு இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்று 145 மில்லியன் டாலரில் வேலி போட்டார்கள். காரைக் கட்டு, ஆனால் வேலிக்குள் கட்டு. நாமும் அதையே செய்யலாமே. சொந்த அணி வரட்டும், அணியின் மொத்த ரேட்டிங் 80-ஐத் தாண்டக் கூடாது. உங்கள் சந்தை மூளையும் வேலை செய்யும், தம்பியின் கையும் வேலை செய்யும்.

எண் கிறுக்கன்
இது ஒரே கிளப்பை எடுப்பதைவிட நல்லது. ஃபிஃபாவின் வீடியோ விளையாட்டு உலகப் போட்டியிலேயே எல்லா வீரரையும் 85 என்று மட்டமாக்கி ஆடவைத்த காலம் உண்டு. அது நியாயம்தான், ஆனால் எல்லா அணியும் ஒரே முகமாக இருக்கும். 80 வேலியில் அடாமா மாதிரி ஆட்களைத் தேடும் வேட்டை இருக்கும். ஒரே ஒரு திருத்தம்: நாக்-அவுட்டில் இரண்டு ஆட்டம் வையுங்கள். ஒரு ஆட்டம் போதாது என்று மேலேயே சொல்லிவிட்டேன்.

ரேம்ப் மாமா
80-க்கு நான் தலையாட்டுகிறேன். பேசும்போது எல்லாரும் குலையை மறந்துவிட்டீர்கள், பரவாயில்லை.

தங்கக் கார்டு
ஒரு வருஷம் சேர்த்ததை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வரச் சொல்கிறீர்கள். 82 என்றால் யோசிக்கலாம். அதே தம்பியோடு என்னை முதல் சுற்றிலேயே போடுங்கள். இந்த முறை அந்த டியூப் சுற்றிய கன்ட்ரோலர் என் பக்கம் வரக் கூடாது, அவ்வளவுதான்.

படிவம் நான்கு
அண்ணே வணக்கம், சனிக்கிழமை ஆடியது நான்தான். இதுவரை எழுதவில்லை, நாளைக்குக் கணிதத் தேர்வு. டியூப் சுற்றியது அன்றைக்கு என் பக்கத்துப் பெட்டியில்தான் இருந்தது. உங்களுக்குக் கொடுத்தது புதுசு. இடது குச்சி வழுக்குகிறது என்று இரண்டாம் பாதியில் நான்தான் இன்னொரு துண்டு கேட்டேன், நீங்களே உங்கள் சைக்கிள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தீர்கள்.

பெர்ஜுந்தை பந்து
சரி, 81. நாக்-அவுட்டில் இரண்டு ஆட்டம். ஹாட்ஸ்பாட்டுக்குப் பதில் நீளமான கேபிள் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.