ஐபிஎஸ் (IBS, Irritable Bowel Syndrome என்ற குடல் கோளாறு) உள்ளவர்கள் வெளியில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

வணக்கம். பெயர் போடாமல் எழுதுகிறேன், காரணம் உங்களுக்கே புரியும்.

எனக்கு ஐபிஎஸ், வயிற்றுப்போக்கு வகை. கொலோனோஸ்கோபி வரை பார்த்தாயிற்று. குடலில் புண்ணோ வீக்கமோ இல்லை. குடலும் மூளையும் நரம்புகள் வழியே பேசிக்கொள்வதில்தான் கோளாறு, பதற்றம் கூடினால் குடலின் வேகமும் கூடும் என்றார் டாக்டர். புரிகிறது. புரிந்துவிட்டால் நின்றுவிடுமா என்ன?

தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் வேலைக்குப் போகிறேன். அதில் கழிப்பறை கிடையாது. அந்த நினைப்பு வந்தாலே வயிறு பிசைய ஆரம்பித்துவிடும். அதனால் காலையில் சாப்பிடுவதே இல்லை. ஆபீஸ் மீட்டிங்கில் கதவோரமாகத்தான் உட்காருவேன். கல்யாண வீடுகள் இன்னும் மோசம். "என்னப்பா, இலையில எல்லாம் அப்படியே இருக்கு?" என்று பெரியம்மா சத்தமாகக் கேட்கும்போது என்ன சொல்வது? சுகர் என்றால் சபையில் சொல்லலாம். இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

பாலை நிறுத்தியதில் கொஞ்சம் பலன் தெரிந்தது. வெங்காயம், பூண்டையும் டயட்டீஷியன் குறைக்கச் சொன்னார். அம்மா பெருங்காயத்தை வைத்துச் சமாளிக்கிறார். பயண நாட்களில் மட்டும் டாக்டர் சொன்ன அளவில் லோபரமைடு, வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரை.

மேலதிகாரியிடம் இதை எப்படிச் சொன்னீர்கள்? பதற்றத்துக்கு சிபிடி (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் மனநல சிகிச்சை) ஆலோசனை எடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா, பலன் இருந்ததா? வீட்டில் வேறு பெண் பார்க்கிறார்கள். பெண்ணிடம் முதலிலேயே சொல்லிவிடலாமா?

மோரும் வெந்தயமும் ஏற்கெனவே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டது, அவை மட்டும் வேண்டாம். கமெண்டில் எழுதக் கூச்சமாக இருந்தால் இன்பாக்ஸில் வாருங்கள்.