மாமாவின் சுண்டு விரல்

அம்மா, 8:41
தம்பிக்கு நாளை முதல் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வேலையாம். எனக்குக் கனவில்கூட வாயு வெடிக்கிறது. அண்ணா, இருபது வருடம் இறங்கியவர் நீங்கள், ஏதாவது சொல்லுங்கள்.

மாமா, 8:50
அந்த மீத்தேன் வாயு சும்மா வெடிக்காது. காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை சேர்ந்து, ஒரு பொறியும் விழ வேண்டும். அந்த அளவுக்கு ஏறாமல் இருக்கத்தான் பெரிய மின்விசிறி, வாயு அளக்கும் கருவி எல்லாம். ஆனால் ஒரு மூலையில் வெடித்தால் கிளம்பும் கரித்தூசி இருக்கிறதே, அது தீயைச் சுரங்கம் முழுக்கக் கொண்டுபோகும். அதனால் சுண்ணாம்புக்கல் பொடி தூவி வைப்பார்கள்.

அம்மா, 8:52
ஆறுதல் கேட்டால் இன்னும் பயமுறுத்துகிறீர்களே!

மாமா, 8:58
எனக்குப் பயம் தலைக்கு மேல் இருக்கும் கல்தான். தம்பி, கவனி. கம்பியால் கூரையைத் தட்டு. கணீர் என்றால் பாறை இறுக்கம். கீறல் விட்ட பானை மாதிரி டொப்பென்றால் உள்ளே பிளந்திருக்கிறது, பின்னால் வா. கல் தடிமனாக இருந்தால் கணீர் சத்தமும் பொய் சொல்லும். அதனால் முட்டுக்கட்டையோ கூரையைப் பிடிக்கும் போல்ட்டோ போடாத இடத்தில் ஓரடி வைக்காதே.

தம்பி, 9:01
வேலையை மேற்பார்க்கும் ஓவர்மேன் அவசரப்படுத்தினாலுமா மாமா?

மாமா, 9:01
அவரை முதலில் போய் நிற்கச் சொல்.

நான், 9:06
அம்மா, பயப்படாதே. 1989-இல் மேற்கு வங்கத்தில் ராணிகஞ்ச் பக்கம் மகாபீர் சுரங்கத்தில் தண்ணீர் புகுந்தபோது, மேலிருந்து துளை போட்டு இரும்புக் கூண்டில் 65 பேரைத் தூக்கிவிட்டார்கள்.

மாமா, 9:10
ஆமாம், சுரங்கப் பொறியாளர் ஜஸ்வந்த் சிங் கில் அவர்களை மீட்கத் தாமே கூண்டில் இறங்கினார். ஆனால் 6 பேர் மூழ்கிப் போனார்கள், அதை யாரும் சொல்வதில்லை. தம்பி, பக்கத்தில் கைவிட்ட பழைய குழி எங்கே இருக்கிறது என்று வரைபடத்தைக் கேட்டுப் பார். தண்ணீர் அங்கேதான் தேங்கி நிற்கும்.

நான், 9:12
மாமா, உங்கள் சுண்டு விரலும் சுரங்கத்தில்தான் போனதா? கதவிடுக்கில் மாட்டியது என்றுதானே சொல்வீர்கள்?

மாமா, 9:24
கதவு இல்லை, கன்வேயர் பெல்ட். ஷிப்ட் முடிய பத்து நிமிடம் இருந்தது. உருளையில் ஈரக்கரி அப்பியிருந்தது. இழுத்தால் நிற்கும் கயிறு கைக்கெட்டும் தூரத்தில்தான். நிறுத்தினால் மறுபடி ஓட நேரமாகுமே என்று, ஓட ஓடவே சுரண்டினேன். கையுறையின் நுனியைப் பிடித்து இழுத்தது. வலி அப்புறம்தான் வந்தது. முதலில் தெரிந்தது, என் கையுறை மட்டும் கரியோடு தூரமாகப் போய்க்கொண்டிருந்தது.

அத்தை, 9:27
பெண் பார்க்க வந்த அன்று கதவு என்றீர்கள். கல்யாணத்தன்றே உங்கள் கூட்டாளி என்னிடம் சொல்லிவிட்டார். நீங்களாக எப்போது சொல்வீர்கள் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தம்பி, 9:28
😂😂

அம்மா, 9:30
சிரித்தது போதும். இறங்கும்போது போனைக் கையோடு வைத்துக்கொள்.

மாமா, 9:31
போன், பீடி, தீப்பெட்டி எதையும் உள்ளே விடமாட்டார்கள். தடவிப் பார்த்துத்தான் அனுப்புவார்கள்.

அம்மா, 9:33
சரி. மேலே வந்ததும் முதல் போன் எனக்கு. குளியல் எல்லாம் அப்புறம்.