நடைவண்டியின் கால் முறிந்துவிட்டது, வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

தேனிக்காரன்:
வணக்கம். அக்கா பிள்ளைகள் ஓட்டிய தேக்கு நடைவண்டி இப்போது என் மகளுக்கு வந்திருக்கிறது. பிடித்துக்கொண்டு நிற்கிறாள், சீக்கிரமே தள்ளத் தொடங்கிவிடுவாள். கைப்பிடியைத் தாங்கும் இரண்டு கடைசல் கால்களில் ஒன்று, அடிச்சட்டத்தில் செருகும் இடத்தில் கழுந்தோடு (துளைக்குள் போகும் முனை) முறிந்துவிட்டது. உருண்டைக் கழுந்து, முறிந்த துண்டு துளைக்குள்ளேயே இருக்கிறது. முன்பு யாரோ பக்கவாட்டில் ஆணி அடித்திருக்கிறார்கள், அதுவும் துருப்பிடித்திருக்கிறது. பின்சக்கரம் ஒன்றும் ஆடுகிறது. ட்ரில், உளி, ரம்பம், ஃபெவிகால் இருக்கின்றன, கிளாம்ப் கிடையாது. புதிதாக வாங்கிவிடலாம் என்கிறார்கள் வீட்டில், எனக்கு மனசு வரவில்லை. உடைந்த முனையிலேயே புதுக் கழுந்து செதுக்கலாமா?

உளிச்சத்தம்:
வேண்டாம் தம்பி. அப்படிச் செதுக்கினால் அந்தக் கால் குட்டையாகி கைப்பிடி ஒரு பக்கம் சாயும், அப்புறம் நல்லா இருக்கும் காலையும் வெட்ட வேண்டி வரும். தனியாக ஒரு கழுந்து போடுங்கள்.

முதலில் ஆணியைக் குறடால் பிடுங்குங்கள், அது உள்ளே இருக்கும்போது ட்ரில் விட்டால் பிட் போய்விடும். துளையில் சிக்கிய துண்டை நடுவில் குடைந்துவிட்டு ஓரத்தை உளியால் எடுங்கள். பழைய பசையின் மேல் ஃபெவிகால் பிடிக்காது, அதனால் வெறும் மரம் தெரியும்வரை சுரண்ட வேண்டும். பிறகு கால் முனையில் நட்டநடுவே துளை போடுங்கள், 30 மி.மீ. ஆழம் போதும், விட்டம் காலின் பருமனில் பாதியைத் தாண்டக் கூடாது. இரண்டு துளைக்கும் இறுக்கமாகச் சேரும்படி ஒரு தேக்குக் குச்சி, மர ரேகை நீளவாக்கில் ஓட வேண்டும், குறுக்கே ஓடினால் மறுபடி அதே இடத்தில் முறியும். குச்சியில் நீளமாக ஒரு கீறல் போடுங்கள், காற்றும் மிச்சப் பசையும் அதன் வழியாக வெளியேறும்.

கிளாம்ப் இல்லாவிட்டால் பரவாயில்லை. கைப்பிடிக்கும் அடிச்சட்டத்துக்கும் கயிற்றைச் சுற்றிக் கட்டி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்குங்கள், நன்றாக இறுகும். 24 மணி நேரம் தொடாதீர்கள். காய்ந்ததும் பழைய ஆணி ஓட்டையை 4 மி.மீ.க்குப் பெரிதாக்கி, அதில் மூங்கில் ஆணி அடித்து மட்டமாக அறுத்துவிடுங்கள். மூங்கிலின் வெளிப்பக்கத்திலிருந்து சீவியதாக இருக்கட்டும், அதுதான் கெட்டி.

தேனிக்காரன்:
ரொம்ப நன்றி அண்ணா. இன்னொன்று, கைப்பிடியில் பழைய சிவப்பு பெயிண்ட் உரிகிறது. அவள் எல்லாவற்றையும் வாயில் வைக்கிறாள். தேய்த்துவிட்டு வேறு அடிக்கலாமா?

மரத்தூள்:
உப்புத்தாளால் தேய்க்கவே தேய்க்காதீர்கள். வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்ட் என்றால் ஈயம் இருக்கலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், அந்தத் தூசி வீட்டில் பறந்தால் குழந்தைக்குத்தான் ஆபத்து. கைப்பிடி ஒரு நேர்க்கட்டைதானே, கால் கழன்றிருக்கும்போதே அதையும் உருவிவிட்டுப் புதிதாக ஒன்று போடுங்கள் (உளிச்சத்தம் அண்ணன் சொன்ன பசை வேலைக்கு முன்னாடியே). மேலே எதுவும் பூசாமல் விட்டாலும் தேக்குக்கு ஒன்றும் ஆகாது. பளபளப்பு வேண்டுமென்றால் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு, மாத்திரைகளுக்கு மேல்பூச்சாகப் போடுவதும் அதே அரக்குதான். ஸ்பிரிட் முழுக்க ஆவியாகி வாசனை போன பிறகு கையில் கொடுங்கள். கடையில் விற்கும் டபுள் பாயில்டு லின்சீட் ஆயில் வேண்டாம், சீக்கிரம் காய்வதற்காக அதில் உலோக உப்புகள் சேர்ப்பதுண்டு.

உளிச்சத்தம்:
சக்கரத்தை விட்டுவிட்டேன். அச்சுத் துளை தேய்ந்து அகன்றிருக்கும், அதைச் சீராகப் பெரிதாக்கி ஒரு மரக் குழலை ஒட்டிச் செருகி, அதில் அச்சுக்குச் சரியான துளை போடுங்கள். எண்ணெய் விட்டால் தூசி அப்பிக்கொள்ளும், மெழுகுவர்த்தியைத் தேய்த்தாலே சத்தமில்லாமல் சுழலும். சக்கரம் கழலாமல் இருக்கப் போடும் கடையாணியை மட்டும் பசை போட்டு அடியுங்கள். விரல் தடிமன்கூட இல்லாத துண்டு, கழன்றால் நேராக வாய்க்குத்தான் போகும்.