விண்கலத்தில் கேமரா எதற்கு? கலத்தைப் பார்க்கவா, பூமியைப் பார்க்கவா?

ஆரல்வாய்மொழிக்காரன்:
இந்தியாவின் மனித விண்கலமான ககன்யானில் செல்லவிருப்போர் பூமியைப் படமெடுக்கத் தனி நேரம் ஒதுக்க வேண்டும் என்ற கருத்தை நான் ஏற்கவில்லை. ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் மூன்று நாள் மட்டுமே நீடிக்கவிருக்கும் பயணம் அது. 2019இல் ஏவப்பட்ட படமெடுப்புச் செயற்கைக்கோளான கார்ட்டோசாட்-3 இதைவிடத் தெளிவாகக் காட்டும் குமரி முனையை ஜன்னல் வழியாக மறுபடியும் எடுத்தால் அழகிய நாள்காட்டிப் படம் ஒன்று கிடைக்கும்; அவ்வளவுதான்.

கேமரா கலத்தைப் பார்க்கட்டும். 2003 ஜனவரியில் அமெரிக்க விண்வெளி ஓடமான கொலம்பியா புறப்பட்டபோது நுரைத் துண்டு ஒன்று அதன் இடது இறக்கையில் மோதியது படங்களில் தெரிந்திருந்தும், சுற்றுப்பாதையில் அந்த இறக்கையைப் படமெடுக்க வேண்டும் என்று பொறியாளர்கள் எழுப்பிய கோரிக்கை கைவிடப்பட்டது. பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரை இழந்தோம். அதற்கடுத்து 2005 ஜூலையில் பறந்த டிஸ்கவரி ஓடம், விண்வெளி நிலையத்துக்குச் சுமார் 180 மீட்டர் கீழே மெல்லக் குட்டிக்கரணம் அடித்துத் தன் அடிவயிற்றைக் காட்ட, நிலையத்தில் இருந்த இருவர் 400, 800 மில்லிமீட்டர் லென்ஸ்களால் வெப்பக்காப்பு ஓடுகளைப் படமெடுத்தனர். ஓடுகளின் இடைவெளியை அடைப்பவற்றில் வெளியே துருத்தி நின்ற இரண்டு நிரப்பிகள் அவ்வாறுதான் தெளிவாகத் தெரிந்தன. டிஸ்கவரியில் சென்ற வீரர் ஸ்டீபன் ராபின்சன் வெளியே சென்று அவற்றைக் கையாலேயே உருவி எடுத்தார்.

குளச்சல் வலைஞன்:
கொலம்பியாவைப் பற்றி அண்ணன் எழுதியதில் எனக்கு மறுப்பில்லை. கார்ட்டோசாட் போதும் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. அவ்வகைச் செயற்கைக்கோள்கள் ஓரிடத்தை ஏறத்தாழ ஒரே உள்ளூர் நேரத்தில்தான் கடக்கின்றன. கடலோ வெயிலின் சாய்வைப் பொறுத்து வெவ்வேறு முகம் காட்டும். 1984 அக்டோபரில் சேலஞ்சர் ஓடத்தில் சென்ற கடலியலாளர் பால் ஸ்கல்லி-பவர், நீர்ப்பரப்பில் வெயில் பட்டுத் தெறிக்கும் இடங்களில் சுருள் சுருளான சுழல்கள் பரவலாக இருப்பதைக் கண்டார். அதே ஆண்டு ஏப்ரலில் ராகேஷ் சர்மா சோவியத் விண்வெளி நிலையமான சல்யூட்-7இல் இருந்து இந்தியாவைப் படமெடுத்தது ஆய்வுக்காகவே, நாள்காட்டிக்காக அன்று.

மார்த்தாண்டம் ஸ்டுடியோ:
கல்யாண வீடுகளில் படமெடுத்துப் பிழைப்பவன் என்ற முறையில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். அந்த உயரத்தில் தரை நொடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் நகர்வதால், நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டும் ஷட்டரைத் திறந்தாலும் படம் ஏழு மீட்டர் இழுபடும். லென்ஸைத் தரையோடு சேர்த்துத் திருப்பிக்கொண்டே எடுக்க வேண்டும். இரவு நகரங்களை எடுப்பதற்காக அமெரிக்க விண்வெளி வீரர் டான் பெட்டிட் விண்வெளி நிலையத்தில் கிடைத்த பொருட்களைக் கொண்டே ஒரு சுழல்தாங்கி செய்துகொண்டார். மூன்று நாளில் இந்தக் கை பழகுமா?

ஆரல்வாய்மொழிக்காரன்:
பழகாது என்பதுதான் என் வாதமும். ஆற்றுமுகத்து வண்டலையும் கடல் நிறத்தையும் பார்க்க ஓஷன்சாட் செயற்கைக்கோள் வரிசை இருக்கிறதே.

குளச்சல் வலைஞன்:
ஓஷன்சாட்-2இன் கடல்நிறக் கேமராவில் ஒரு புள்ளி தரையில் ஏறத்தாழ 360 மீட்டர். தேங்காய்ப்பட்டணம் முகத்துவாரத்தில் மழைக்குப் பின் கலங்கல் எந்தப் பக்கம் ஒதுங்குகிறது, தூண்டில் வளைவுக்கு (அலையைத் தடுக்கும் கற்சுவர்) அப்பால் மணல் எங்கே சேர்கிறது என்பதையெல்லாம் அந்த அளவில் பார்க்க இயலாது. இன்னொன்றையும் கவனியுங்கள்: டிஸ்கவரியைப் படமெடுக்க நிலையம் ஒன்று அங்கே இருந்தது, ககன்யானுக்கு அப்படி எதுவும் இராது. அதன் வெப்பக்கவசத்தை, திரும்பும் வேளை வரை பின்னால் இணைந்திருக்கும் சேவைக் கலம் மறைத்திருக்கும். உள்ளே இருப்பவர் கேமராவை ஏந்திக்கொண்டு எதைப் பார்ப்பார்?

ஆரல்வாய்மொழிக்காரன்:
அப்படியானால் கேமராவைக் கலத்தின் வெளிப்புறத்திலேயே பொருத்த வேண்டும். சூரியத் தகடுகளையும் இணைப்புகளையும் அது தானாகவே பார்த்துக்கொள்ளும். 2022 டிசம்பரில் ரஷ்ய விண்கலமான சோயுஸ் எம்எஸ்-22இன் குளிர்விப்புத் திரவம் கசிந்தபோதும், ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிய அந்தத் துளையைத் தேட நிலையத்தின் இயந்திரக் கரத்தில் இருந்த கேமராதான் பயன்பட்டது. வீரர்களின் ஜன்னல் நேரத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம், தம்பி.