பின் ஷாக்கில் காற்று நிற்கவில்லை, உப்புக்காற்றுதான் காரணமா?

மண்டபம் சைக்கிள்:
பின்னால் ஏர் ஷாக் (காற்றழுத்தத்தில் குலுக்கலைத் தாங்கும் கருவி) உள்ள மலை சைக்கிள், ஸ்ட்ரோக், அதாவது தண்டு உள்ளே போகும் தூரம், 50 மி.மீ. அரியமான் கடற்கரை மணலிலும் சவுக்குத் தோப்பிலும்தான் ஓட்டுவேன். 160 பிஎஸ்ஐ அடித்தால் மறுநாள் பம்ப் 145 காட்டுகிறது. பம்பைக் கழற்றும்போது புஸ்ஸென்று சத்தம் வேறு. தண்டில் உப்பு பூத்து, உள்ளே போய் வரும்போது நறநறவென்கிறது. இங்கே கடையில் தொட மாட்டோம் என்கிறார்கள். நானே பிரிக்கலாமா அண்ணே?

கீழக்கரை அண்ணன்:
தம்பி, அந்த 15 பிஎஸ்ஐக்குப் பயப்படாதே. பம்பை மாட்டியதும் ஷாக்கில் இருக்கிற காற்றில் கொஞ்சம் பம்பின் குழாய்க்குள் போகும், அதனால் குறைத்துக் காட்டும். புஸ்ஸென்பதும் குழாயில் நின்ற காற்றுதான். உண்மையில் கசிகிறதா என்று பார்க்க வால்விலும் சீல் ஓரத்திலும் சோப்புத் தண்ணீர் தடவு. குமிழி வந்தால் கசிவு.

எனக்குக் கவலை அந்த நறநற சத்தம்தான். சீல் உதட்டில் மணல் உட்கார்ந்திருக்கிறது. அப்படியே ஓட்டினால் தண்டின் பூச்சில் கோடு விழும், அப்புறம் புது சீல் போட்டாலும் காற்று நிற்காது. ஏர் கேனை, அதாவது காற்று நிற்கும் வெளி உறையை, நீயே பிரிக்கலாம். வால்வை அழுத்திக் காற்றை முழுக்க விடு, சைக்கிளை மெல்ல அமுக்கி இன்னொரு முறை விடு. காற்று போன பிறகும் ஷாக் உள்ளே இழுத்துக்கொண்டே நின்றால் கழற்றவே கழற்றாதே. ஷாக்கை உள்ளே இழுக்கும் நெகட்டிவ் அறையில் காற்று மாட்டியிருக்கும், திருகும்போது வெடித்துத் தெறிக்கும்.

சரியாக வெளியே வந்தால், ஷாக்கைச் சட்டத்திலிருந்து எடுத்து, பழைய ட்யூபைச் சுற்றிப் பிடித்துக் கையால் திருகு. பழைய கிரீஸை வழித்துத் துடை, உன் மாடலுக்கான சீல் கிட்டையே போடு, சஸ்பென்ஷன் கிரீஸ் மெலிதாகத் தடவு. வண்டிக்குப் போடும் கிரீஸ் வேண்டாம். உள்ளே இருக்கும் டாம்பரை (ஷாக் அசையும் வேகத்தை அடக்கும் பகுதி) தொடாதே, அதில் நைட்ரஜன் அடைத்திருக்கும். அது சர்வீஸ் சென்டர் வேலை.

ஏர் கேன் சர்வீஸுக்குப் பொதுவாக 50 மணி நேர ஓட்டம் கணக்கு. கச்சான் காற்று மணலை வாரி அடிக்கிற மாதங்களில் நம் பக்கம் அவ்வளவு காத்திருக்கக் கூடாது. அவுட்போர்டு மோட்டாரை நல்ல தண்ணீரில் அலசாமல் எந்தப் படகுக்காரராவது வைப்பாரா? ஓட்டி வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் தண்டைத் துடை. ஹோஸைப் பீய்ச்சி அடிக்காதே, உப்பு சீலுக்குள் போய்விடும்.

தேவிபட்டினம் ரைடர்:
மாட்டிய பிறகு 50 பிஎஸ்ஐக்கு ஒருமுறை நிறுத்தி, ஷாக்கைப் பத்து தடவை அமுக்குங்கள். அப்போதுதான் இரண்டு அறையிலும் காற்று சமமாகும். பிறகு ஷாக்கை அசையாமல் பூட்டும் லாக்கைத் திறந்து, பை, தண்ணீர் பாட்டிலோடு ஏறி உட்காருங்கள். தண்டில் இருக்கும் ரப்பர் வளையம் 12 முதல் 15 மி.மீ. நகர்ந்தால் சாக், அதாவது நம் எடைக்கு ஷாக் அமுங்கும் அளவு, சரி. 160 என்ற எண்ணைப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

மண்டபம் சைக்கிள்:
பிரித்தேன். சீல் உதட்டில் கறுப்புக் களிம்பாக மணல். தண்டில் கோடு இல்லை. புது சீல் போட்டு, சாக் 14 மி.மீ.க்கு வைத்திருக்கிறேன். மேட்டில் இறங்கினால் பின் சக்கரம் உதைக்கிறது.

கீழக்கரை அண்ணன்:
தண்டு தப்பித்ததே, நல்லது. ரீபவுண்டை (அமுங்கிய ஷாக் திரும்பி விரியும் வேகம்) ஆமைப் பக்கம், அதாவது மெதுவாகும் பக்கம், ஒரு கிளிக் திருப்பி, அதே மேட்டில் ஓட்டிப் பார். உதை நிற்கும் வரை ஒவ்வொரு கிளிக்காகத்தான்.