கிணற்றில் ‘ஏதோ சரியில்லை’ என்று பட்ட தருணம் – கடலில் வேலை பார்த்தவர்கள் பகிருங்கள்

பதினோரு வருடம் ஜாக்-அப் ரிக்குகளில் (கடலடியில் கால் ஊன்றி நின்று எண்ணெய், கேஸ் கிணறு தோண்டும் மேடைகள்) இருந்தேன், கடைசி நாலு வருடம் அசிஸ்டன்ட் டிரில்லராக. நானே தொடங்குகிறேன்.

வளைகுடாவில் ஒரு கிணறு, நைட் ஷிஃப்ட். டிரில் பைப்பை வெளியே உருவிக்கொண்டிருந்தோம். இந்த வேலை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: கிணறு நிறைய நிற்கும் மட்டின் (தோண்டும்போது ஊற்றும் கனமான சேற்றுத் திரவம்) எடைதான் அடியில் இருக்கும் கேஸை அமுக்கி வைத்திருக்கிறது. பைப்பை உருவ உருவ இரும்பு இருந்த இடம் காலியாகும், அந்த அளவுக்கு மட் உள்ளே போயாக வேண்டும். ஐந்து அங்குல பைப் என்றால் ஐந்து ஸ்டாண்டுக்கு (ஒரு ஸ்டாண்ட் என்பது சேர்த்தே உருவும் மூன்று பைப்) சுமார் மூன்றரை பேரல். குறைவாகப் போனால், அந்த இடத்தை வேறு ஏதோ பிடித்துக்கொண்டது என்று அர்த்தம்.

கிணற்றுக்கு மட் கொடுக்கும் டிரிப் டேங்க்கில் மிதவை காட்டும் அளவை டிரிப் ஷீட்டில் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தேன். 3.5, 3.4, 3.5. அடுத்த ஐந்துக்கு 2.7. அதற்கடுத்து 2.4. டிரில்லர் எட்டிப் பார்த்துவிட்டு, “டேங்க் மிதவை ஒட்டியிருக்கும், போன வாரமும் இதே கதைதான்” என்றார். போன வாரம் ஒட்டியது உண்மைதான். நானும் சரி என்று தலையாட்டப் போனேன். அப்போதுதான் உறைத்தது: மிதவை ஒட்டினால் எண் நின்ற இடத்திலேயே நிற்கும். இங்கே எண் ஓடிக்கொண்டுதான் இருந்தது, மட்தான் குறைவாகப் போனது.

ஒரு பையனை அனுப்பி டிரிப் டேங்க்கை டேப் விட்டு அளக்கச் சொன்னேன். முழங்கை வரை மட்டோடு வந்து நின்றான். மிதவை காட்டியதும் டேப் காட்டியதும் ஒன்றுதான். நிறுத்திவிட்டு ஃப்ளோ செக் செய்தோம், அதாவது கிணறு தானாக வழிகிறதா என்று பார்த்தோம். சொட்டுக்கூட வரவில்லை. பலர் ஏமாறுவது இங்கேதான். பைப் நுனியில் தோண்டும் பிட்டில் களிமண் அப்பிக்கொண்டால், உருவும்போது அது சிரிஞ்ச் மாதிரி கேஸை உறிஞ்சி உள்ளே இழுத்துவிடும். அந்தக் கேஸ் அடியில் இருக்கும்வரை மேலே ஒன்றும் தெரியாது. ஏற ஏற விரியும், விரியும்போது நேரம் கொடுக்காது.

ரிக்கின் மேற்பார்வையாளரான டூல்புஷரை எழுப்பினோம். பைப்பை மறுபடி அடிவரை இறக்கி மட்டைச் சுற்றவிட்டோம். அடிமட்டத்து மட் மேலே வரும் நேரம் மட்டைச் சலிக்கும் ஷேக்கரில் மோர் கடைந்த மாதிரி நுரை. உடனே கிணற்று வாயை அடைக்கும் பெரிய வால்வான பி.ஓ.பி.யை மூடி, திறப்பைக் கூட்டிக் குறைக்கும் சோக் வழியாகக் கேஸைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டோம். எட்டு மணி நேரம் போனது, அவ்வளவுதான்.

மறுநாள் அந்த வேலைக்கான ரிஸ்க் பேப்பரை எடுத்துப் பார்த்தேன். முந்தைய கிணற்றின் நகல், கிணற்று எண்ணை மட்டும் பேனாவால் அடித்துத் திருத்தியிருந்தார்கள். ‘கிக் (அடியிலிருந்து கேஸ் கிணற்றுக்குள் புகுவது) வர வாய்ப்பு: குறைவு’. எட்டுக் கையெழுத்து, அதில் ஒன்று என்னுடையது.

2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் மகோண்டோ கிணற்றிலும் ஒரு எண் ஒத்துப்போகவில்லை. மேலிருந்து அமுக்கும் எடையைக் குறைத்துக் கிணறு கசிகிறதா என்று பார்க்கும் நெகட்டிவ் பிரஷர் டெஸ்டில் டிரில் பைப்பில் பூஜ்யம் இருக்க வேண்டும், 1,400 பி.எஸ்.ஐ. நின்றது. கிணற்றோடு இணைந்த பக்கக் குழாயான கில் லைனில் ஒன்றும் வரவில்லை. கடலடியிலிருந்து ரிக் வரை வரும் ரைசர் குழாயில் இருக்கும் கனமான மட் அமுக்குவதால் அப்படிக் காட்டுகிறது என்று ஒரு விளக்கம் வந்தது, ஏற்றுக்கொண்டார்கள். அன்றிரவு டீப்வாட்டர் ஹொரைசன் ரிக்கில் 11 பேர் போனார்கள். 87 நாள் எண்ணெய் கடலில் கொட்டியது. அந்த விளக்கத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் மிதவைதான் ஞாபகம் வருகிறது.

பதில் – மெக்கானிக், 14 வருடம்

அண்ணா, என் அனுபவம் பெர்மிட்டில், அதாவது எந்த வேலை நடக்கிறது என்று எழுதிக் கையெழுத்திடும் அனுமதித் தாளில். பகல் ஷிஃப்டில் ஒரு பம்ப்பின் வால்வைக் கழற்றி ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப் போயிருந்தார்கள். பெர்மிட் ஆபீஸ் டிரேயில் கிடந்தது, என்னிடம் யாரும் வாயால் சொல்லவில்லை. கன்ட்ரோல் ரூமிலிருந்து ஸ்டார்ட் பண்ணச் சொன்னார்கள். பழக்கத்தில் ஒருமுறை லைனைக் கையால் தடவிக்கொண்டே நடந்தேன். வால்வு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தகடு, போல்ட்டுகள் விரலால் திருகும் இறுக்கத்தில். 1988 ஜூலை 6 இரவு வட கடலின் பைப்பர் ஆல்ஃபா பிளாட்ஃபார்மில் நடந்ததும் இதுவேதான். ஷிஃப்ட் மாறும்போது அந்தச் செய்தி கைமாறவில்லை, 167 பேர் இறந்தார்கள். இப்போதெல்லாம் நான் ஷிஃப்ட் ஏறினால், முந்தைய ஆளைக் கூட்டிக்கொண்டு போய் இடத்தில் நின்று காட்டச் சொல்வேன். சிலருக்கு எரிச்சல்தான்.

பதில் – ரேடியோ ஆபரேட்டர், மேற்குக் கடல்

கிணற்றை மட்டும் பார்க்காதீர்கள். மும்பைக்கு அப்பால் கடலில் இருக்கும் மும்பை ஹை எண்ணெய் வயலில் 2005 ஜூலை 27 அன்று, கையில் அடிபட்ட தன் சமையல்காரரைப் பிளாட்ஃபார்முக்கு மாற்ற வந்த ஒரு கப்பல் பிளாட்ஃபார்மின் கேஸ் ரைசரில் மோதியது. 22 பேர் இறந்தார்கள். அன்று கிணற்றில் எந்தக் கோளாறும் இல்லை.

பதில் – புதிதாகச் சேர்ந்தவன்

அண்ணா, டிரில்லரிடம் எப்படிச் சொன்னீர்கள்? கோபப்படவில்லையா?

தொடங்கியவர்

‘தப்பு’ என்று சொல்லவில்லை தம்பி. “சார், ரெண்டு நிமிஷம், டேங்க்கை அளந்துட்டு உருவிடலாம்” என்றேன். முகம் சுளித்தார், அந்த ஷிஃப்ட் முழுக்கப் பேசவில்லை. அடுத்த டிரிப்பில் அவரே கை நீட்டி ஷீட்டை வாங்கிப் பார்த்தார்.